இரவல் நடை

மாதங்கியின் கால்கள் அன்று காலை பத்தேகால் மணிக்கு ஒரு வாசலுக்கு முன்னால் நின்றுபோயின.

வாசல் என்றால் நிஜ வாசல்கூட இல்லை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் காலியாகக் கிடந்த பஞ்சுக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, அதற்குள் ஒட்டுப்பலகையால் ஒரு பள்ளி ஆசிரியையின் வீட்டைக் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டின் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வாசல். பதினெட்டு வருடமாகச் சினிமாவில் இருப்பவள், மழையில் ஆடியவள், குதிரை ஓட்டியவள், அந்த வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்று நடுங்கினாள். மேலுடம்பு போகப் பார்க்கிறது, பாதம் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கேமராவைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிலோமினாவைப் பார்த்தாள்.

“அக்கா, என் கால் எங்க போச்சு?”

ஐந்து வருடமாகப் பிலோமினா தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இன்னொருத்தி வாயிலிருந்து அதைக் கேட்டதும் அழுகைதான் வரும் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது.

“அங்கனதான் இருக்கு மேடம். பசை தடவுன மாதிரி இருக்கும். அவசரப்படாதீய. அவசரப்பட்டா இன்னும் ஒட்டும்.”

பிலோமினாவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் திருச்செந்தூர் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். ஓடுகிற வண்டியில் கம்பியைத் தொடாமல் முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருவாள். ஆத்தூர் வளைவில் ஆம்பிளைகளே ஆள் மேல் ஆள் விழும்போது அவள் மட்டும் நிமிர்ந்து நின்று சில்லறை எண்ணுவாள். நாற்பத்தொன்றாவது வயதில் இடது கை கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. பிறகு கால். பார்க்கின்சன் என்றார்கள். வயதானவர்களுக்கு வருவது, சிலருக்குச் சீக்கிரமே வந்துவிடும் என்றார்கள்.

நடுக்கத்தை ஊர் புரிந்துகொண்டது. அது கண்ணுக்குத் தெரிகிறது. கால் ஒட்டிக்கொள்வதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. மாடிப்படி பன்னிரண்டையும் மளமளவென்று ஏறுவாள். மேலே போய் அறை வாசலில் நின்றுவிடுவாள். “படி ஏறத் தெரியுது, சமதரையில நடக்கத் தெரியலயா?” என்று கேட்பான் அவள் கணவன் கஸ்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். கெட்டவனில்லை. மாத்திரையை வேளை தவறாமல் எடுத்து நீட்டுவான். ஆனால் வாசலில் அவள் நிற்கும்போது பின்னால் நின்று அவன் விடுகிற அந்த ஒரு பெருமூச்சு, அதுதான் அவளுக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது.

அதனால்தான் டாக்டர் ஹசீனா இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் உடனே சரி என்றாள். ஹசீனாதான் அவளுக்கு வைத்தியம் பார்ப்பவர். மேசைமேல் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் இரண்டு பட்டைகளைக் காட்டினார்.

“மருத்துவம் படிக்கிற பிள்ளைங்களுக்காகச் செஞ்சது இது. நோயாளி படுறதைப் புத்தகத்துல படிச்சா மட்டும் போதாதுன்னு. ஒண்ணு உங்க பிடரியில ஒட்டும். உங்க மூளை கைக்கும் காலுக்கும் அனுப்புற சேதி எங்க தடைப்படுது, எவ்வளவு பிந்துதுன்னு அது குறிச்சுக்கும். இன்னொண்ணு வேற ஒருத்தர் பிடரியில. அவங்க சேதியை அதே இடத்துல தடுக்கும், அதே அளவு பிந்த வைக்கும். இப்போ சினிமாக்காரங்க கேக்குறாங்க. நோயாளியா நடிக்கப்போற அம்மா அதைப் போட்டுக்க ஆசைப்படுறாங்க.”

“வலிக்குமா அவியளுக்கு?”

“வலிக்காது. ஆனா ஒரு நாளைக்கு முப்பது நிமிஷத்துக்கு மேல கூடாது. மூளை பழகிடும். பழகினா கழட்டின பிறகும் விடாது.”

“எனக்கு அந்த முப்பது நிமிச வரம்பை யாரும் போடலியே டாக்டர்,” என்றாள் பிலோமினா. ஹசீனா பெட்டியை மூடினார். “கோவமாச் சொல்லல. போட்டுக்கிடட்டும். இது என்னன்னு இந்த உலகத்துல இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும் எனக்கு.”

இப்போது தெரிந்துவிட்டது.

முதல் வாரம் படப்பிடிப்பில் எல்லாரும் மாதங்கியை வாய் பிளந்து பார்த்தார்கள். தேநீர்க் கோப்பை அவள் கையில் தாளம் போட்டது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனது. பொத்தான் போட்டு முடித்ததும் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இயக்குநர் திருநாவு கட் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்குக்காரர் கைதட்டினார்.

“எப்படி இருந்துச்சுக்கா?” மாதங்கி ஓடி வந்து கேட்டாள். பட்டையைக் கழற்றிவிட்டால் அவளால் ஓட முடிந்தது.

பிலோமினா கொஞ்சம் யோசித்தாள். “கை என் கைதான். ஆனா மூஞ்சி என் மூஞ்சி இல்ல.”

“புரியல.”

“நீங்க ஒவ்வொரு பொத்தானுக்கும் அழுதீய. ஒரு நாளைக்கு எத்தன பொத்தான் இருக்கு? நான் எல்லாத்துக்கும் அழுதா எப்பம் சோறு பொங்க? எனக்கு முதல்ல கோவம் வரும். பொத்தானைத் திட்டுவேன். அப்புறம் கடைசிப் பொத்தான் ஒரே தடவையில மாட்டிக்கிட்டா, உலகக் கோப்பை ஜெயிச்ச மாதிரி இருக்கும். அன்னைக்கு முழுசும் அந்தச் சட்டையை மாத்த மாட்டேன்.”

திருநாவுக்கு அது பிடிக்கவில்லை. ஜனங்களுக்குக் கண்ணீர் வேண்டும் என்றார். மாதங்கி அவரோடு வாதாடி, இன்னொரு டேக் வாங்கினாள். பொத்தானை வாய்க்குள் முணுமுணுத்துத் திட்டினாள். கடைசிப் பொத்தான் மாட்டியதும் கண்ணாடியைப் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டவள்போல ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். கிடங்கில் இந்த முறை யாரும் கைதட்டவில்லை. விளக்குக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அன்றிலிருந்து பிலோமினாவின் நாற்காலி இயக்குநர் நாற்காலிக்குப் பக்கத்துக்கு வந்தது.

மூன்றாவது வாரம், சாப்பாட்டு இடைவேளையில் அந்த வேடிக்கை நடந்தது. அடுத்த காட்சிக்காகப் பட்டையை அப்போதுதான் போட்டிருந்த மாதங்கி, ஒப்பனை அறை வாசலில் நின்றுவிட்டாள். அவள் பின்னால் வந்த பிலோமினாவும் நின்றுவிட்டாள். ஒருத்திக்கு இரவல் நோய், ஒருத்திக்குச் சொந்த நோய். இரண்டு பேரும் ஒரே வாசலில் முன்னும் பின்னுமாக.

“போங்க மேடம்.”

“போக முடிஞ்சா போக மாட்டேனாக்கா?”

சிரிப்பில் இருவருக்கும் இன்னும் கால் ஒட்டியது. சிரித்துக் களைத்ததும் மாதங்கி சொன்னாள்: “இருங்க. நாடகத்துல இருந்தப்போ ஒரு தடவ மகாராணியா நடிச்சேன். அந்தம்மாவுக்கு எந்த வாசலும் கணக்கில்ல.” தோளைப் பின்னால் தள்ளினாள். மோவாயைத் தூக்கினாள். இல்லாத பட்டாடையை ஒரு கையால் ஒதுக்கினாள். கால் தூக்கி வைத்து உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போனதும் அவளே திகைத்துப்போய்த் திரும்பினாள். “அக்கா! நீங்களும் யாரையாவது போட்டுப் பாருங்க!”

பிலோமினாவுக்கு மகாராணி எல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது டிக்கெட் பரிசோதகர் சூசையா. வயிறு முன்னால், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், பாதம் இரண்டும் இரு திசையில். ‘யாரு டிக்கெட் எடுக்காதது?’ என்ற முகத்தை வைத்துக்கொண்டாள். இடது கால் எழுந்தது. வலது கால் எழுந்தது. வாசல் அவளுக்குப் பின்னால் போயிற்று.

அன்று மாலை ஹசீனா வந்ததும் அவளை நாலு வாசலில் நடக்கவிட்டுப் பார்த்தார்.

“உங்க சொந்த நடை தானா ஓடுற பாதையில வருது. அந்தப் பாதைதான் உங்களுக்கு உடைஞ்சிருக்கு. இன்னொருத்தர் மாதிரி நடக்கணும்னா மூளை யோசிச்சு, வேற வழியா சேதி அனுப்புது. சுத்து வழி. ஆனா அந்த ரோடு நல்லா இருக்கு.” சிரித்துவிட்டு எச்சரித்தார். “எல்லாருக்கும் பலிக்காது. உங்களுக்கும் எப்பவும் பலிக்காது. மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

“அப்ப நான் நானா நடந்தாத்தான் நின்னுபோவேன்,” என்றாள் பிலோமினா. “வேற யாராவதா இருந்தா நடப்பேன்.”

“சுருக்கமாச் சொன்னா, ஆமா.”

அவள் ஒவ்வொருவராக எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சூசையா இரண்டு நாளில் சலித்துவிட்டார். மாதாகோயில் பங்குச் சாமியாரின் நடை மெதுவாக இருந்தது. கடைசியில் அவளுக்குச் சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது மாதங்கியின் நடைதான். பட்டையில்லாதபோது மாதங்கி நடப்பாள் பாருங்கள், அந்த நடை. குதிகால் முதலில் பதியும். இடது கை கொஞ்சம் அதிகமாக வீசும். திரும்பும்போது உடம்புக்கு முன்னால் கண் திரும்பிவிடும். பிலோமினா அவள் பழைய படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து அதைப் படித்தாள். வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் மாதங்கியாகப் போய் வந்தாள்.

கஸ்பார் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லா நடக்கியே.”

“நடிக்கேன்.”

“இப்பம் நடிக்கியா,” என்றான் அவன், நிதானமாக, “இல்ல இத்தன வருசமும் நடிச்சியா?”

அவள் கால்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. எந்த நடையும் கைகொடுக்கவில்லை. மறுநாள் காலை சொன்னாள்: “என்கூடக் கிடங்குக்கு வாங்க.”

ஹசீனாவிடம் கேட்டாள். அவரே பட்டையைக் கஸ்பாரின் பிடரியில் ஒட்டினார். கஸ்பார் அந்த ஒட்டுப்பலகை வாசலை நோக்கி, கப்பலில் ஏறுகிறவன்போல விறைப்பாக நடந்தான். நின்றான். நான்கு நிமிடம் நின்றான். பிலோமினா அவன் பின்னால் போய் நின்றாள். பெருமூச்சு விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. “மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல,” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஸ்பார், துறைமுகத்தில் தரையில் கோடு போடுகிற மஞ்சள் பெயின்ட் ஒரு டப்பா கொண்டுவந்தான். டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தான் போலிருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் அடிக்கு ஒரு கோடாக, மட்டம் பார்த்து, ஐந்தைந்து கோடு போட்டான். “இதத் தாண்டுத மாதிரி கால எடுத்து வச்சா வருமாம்,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். கடைசிக் கோட்டைப் போட்டு முடித்ததும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். “பிலோ, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.” அவளும் கதவைப் பிடித்துப் பிடித்து இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயின்ட் காயும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

இதற்கிடையில் கிடங்கில் ஒரு தப்பு நடந்துகொண்டிருந்தது. ஹசீனா வராத நாட்களில் திருநாவு “இன்னும் ஒரே ஒரு டேக்” என்பார். மாதங்கி தலையாட்டுவாள். முப்பது நிமிடம் ஐம்பதாகும், ஐம்பது இரண்டு மணி நேரமாகும். பார்த்துக்கொண்டிருந்த பிலோமினாவும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் முழுக்க அவளோடு இன்னொருத்தி இருந்தாள். அது நீளட்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அதை அவள் பிறகு பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள்.

கடைசி வாரத்தில் எடுக்க ஒரே ஒரு காட்சி பாக்கி. ஆசிரியைக்கு நோய் வருவதற்கு முந்தைய ஒரு நாள். ஆசிரியை விடைத்தாள் கட்டோடு, பள்ளி வராந்தா முழுதும் நடந்து, மூன்று வாசல்களைத் தாண்டி வகுப்புக்குள் போகிறாள். அவ்வளவுதான். விடுமுறையில் ஒரு பள்ளியை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பட்டை தேவையில்லாத காட்சி.

மாதங்கி முதல் வாசலில் நின்றுவிட்டாள்.

பட்டையைக் கழற்ற மறந்துவிட்டார்களோ என்று ஒப்பனைப் பெண் ஓடிவந்து பிடரியைப் பார்த்தாள். பிடரியில் ஒன்றுமில்லை. மாதங்கியின் முகம் வெளுத்தது. மகாராணியைப் போட்டுப் பார்த்தாள். பயத்தில் மகாராணியும் வரவில்லை.

ஹசீனா வந்து, நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு திருநாவைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார். “இனிமே இந்தப் பட்டை எங்கிட்டதான் இருக்கும். மூளை பழகினதை மறக்கணும். மாசக்கணக்கு ஆகலாம். போயிடும்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா?” என்றாள் மாதங்கி.

“இதுவரைக்கும் இப்படி யாரும் பண்ணினதில்ல அம்மா.”

மாதங்கி பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பிலோமினா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தினமும் நான் கழட்டி வச்சுட்டுப் போயிடுவேன். நீங்க அப்படியே இருப்பீங்க. அது எனக்கு உறுத்தும்க்கா,” என்றாள் மாதங்கி. “இப்போ என் நடை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. பயமா இருக்கு.”

“எனக்கும் தெரியும், டாக்டர் சொன்ன நேரம் தாண்டுதுன்னு. நானும் சும்மாதான் இருந்தேன்,” என்றாள் பிலோமினா. பிறகு எழுந்தாள். “உங்க நடை எங்கயும் போகல பிள்ள. எங்கிட்ட பத்திரமா இருக்கு. பாரு.”

வராந்தாவின் முனைக்குப் போனாள். இடது கையில் விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டால் கையை வீச முடியாது என்று வலது கைக்கு மாற்றினாள். நடந்தாள். குதிகால் டக், டக் என்று விழுந்தது. முதல் வாசல். கண் முதலில் திரும்ப, உடம்பு பின்னால் திரும்ப, இரண்டாவது வாசல். மூன்றாவது வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல லேசாகத் தலையைத் திருப்பிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

“இது... இது நான்,” என்றாள் மாதங்கி.

திருநாவு ஏற்கெனவே ஒரு மாற்று நடிகையை வரவழைக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் வந்து நடந்தும் காட்டினாள். நன்றாகத்தான் நடந்தாள். ஆனால் அது மாதங்கியாக இல்லை. பிலோமினாவுக்கும் மாதங்கிக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரம். முதுகுப் பக்கமிருந்தும் கால்களுக்கு அருகிலும் எடுத்தால் போதும். மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து, மறுநாள் காலை படமாக்கினார்கள். முதல் இரண்டு டேக்கில் இரண்டாவது வாசலில் கால் ஒட்டியது. யாரும் பெருமூச்சு விடவில்லை. மூன்றாவது டேக்கில் போய்ச் சேர்ந்தாள். வராந்தா ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மாதங்கி தன் நடையை மூன்று தடவையும் உற்றுப் பார்த்தாள்.

அதன் பிறகு வாரா வாரம் இருவரும் தொலைபேசியில் முகம் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினா தன் வீட்டுக் கூடத்தில் மாதங்கியாக நடந்து காட்டுவாள். சென்னையில் மாதங்கி அதைப் பார்த்து நடப்பாள். ஒன்பதாவது வாரம் ஒரு காலை, மாதங்கி பேசிக்கொண்டே தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தாள். வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

படம் ஆவணியில் வெளிவந்தது. தன் பெயரை எங்கே போடுவது என்று கேட்டபோது பிலோமினா, நடிகர்கள் வரிசையில் போடுங்கள், என்ன செய்தேன் என்று போட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். திரையரங்கில் பெயர் வந்த மூன்று விநாடிக்குக் கஸ்பார் எழுந்து நின்றான். பின்வரிசைக்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. கஸ்பார் சத்தமாக வாசித்தான். மாதங்கியைப் பத்து வரி புகழ்ந்திருந்தார்கள். பொத்தான் காட்சிக்கு மட்டும் நாலு வரி. அப்புறம் அவன் குரல் மாறியது.

“‘ஒரே ஒரு குறை. பள்ளி வராந்தாவில் நாயகி நடந்து போகும் காட்சியை இயக்குநர் இவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டியதில்லை. நல்ல உடம்போடு ஒரு பெண் சும்மா நடந்து போகிறாள். அதில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது?’”

கஸ்பார் பத்திரிகையை மடித்து எறிந்தான். “இவனுக்கு என்னல தெரியும்? இரு, இப்பமே ஒரு கடுதாசி எழுதுதேன். அது யாரு, எப்படி நடந்தான்னு...”

“எழுதாதீய,” என்றாள் பிலோமினா. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. இடது கை மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. அதை அடக்க அவள் முயலவில்லை. “அதை எடுங்க. அந்த வரிய மட்டும் திரும்ப வாசிங்க.”

கஸ்பார் புரியாமல் குனிந்து எடுத்துப் பிரித்து வாசித்தான். ‘சும்மா நடந்து போகிறாள்’ என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் மெல்ல விளங்கியது.

“இன்னொரு தடவ,” என்றாள் அவள்.